இரண்டு பி.டி.எம்.

பெர்த் நகரத்துக்கு வெளியே, கேரவன் விற்கும் ஒரு யார்டில், அப்பா தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். வயது எழுபத்திரண்டு. சர்க்கரை, முட்டிவலி எல்லாம் உண்டு. விற்பனைக்கு நின்ற 22 அடி கேரவனுக்கு அடியில் தலையை விட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

உள்ளே விற்பனையாளர் அக்காவுக்கும் அத்தானுக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். வீடு என்றுதான் அவரும் சொன்னார். பெரிய கட்டில், பிள்ளைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை, நான்கு பேர் உட்காரும் மேசை, கேஸ் அடுப்பு, துணி துவைக்கும் மெஷின், பின்பக்கம் கதவு போட்ட கழிவறையும் குளியலறையும். அக்கா அந்தக் கழிவறைக் கதவை மட்டும் இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாள்.

நான் வெளியே வந்து அப்பாவின் கால் பக்கம் குந்தினேன்.

"என்னாப்பா பாக்குறீங்க?"

"ஸ்பிரிங் பட்டை எத்தன இருக்குன்னு. அந்தாளுகிட்ட பி.டி.எம். எவ்ளோன்னு கேளு."

"எந்த பி.டி.எம்.?"

"ரெண்டும்தான்."

மலேசியாவில் லோரிக்குப் பக்கத்தில் காடியை நிறுத்திக்கொண்டு பச்சை விளக்குக்காகக் காத்திருந்தவர்கள் கவனித்திருக்கலாம். லோரியின் பக்கவாட்டில் பெயிண்டில் இரண்டு எடைகள் எழுதியிருக்கும். ஒன்று பெராத் தன்பா முவாத்தான், பாரம் இல்லாத வண்டியின் எடை. மற்றது பெராத் டெங்கான் முவாத்தான், பாரத்தோடு அந்த வண்டி இருக்கக்கூடிய உச்ச எடை. சுருக்கி எழுதும்போது நடுவில் ஓர் ஆங்கில எழுத்துதான் மாறும். தமிழில் எழுதினால் இரண்டுமே பி.டி.எம்.தான். அப்பா வாயிலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் வரும். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் கிடைப்பது, அந்த லோரியில் சட்டப்படி ஏற்றக்கூடிய பாரம். அப்பா முப்பத்தொரு வருஷம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். இந்த ஒரு கழித்தல் அவரை எவ்வளவு காலமாகத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது என்பது அந்த யார்டில் நின்றபோது எனக்குத் தெரியாது.

விற்பனையாளர் படியிறங்கி வந்து, தரையில் கிடந்த அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். உங்க அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார்.

"டிரான்ஸ்போர்ட் துறை" என்றேன் ஆங்கிலத்தில். லோரி டிரைவர் என்று சொல்ல வாய் வரவில்லை.

*

அக்கா பெர்த்துக்குப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. தாதி. அத்தான் சுரங்கத்தில் டீசல் மெக்கானிக். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, பில்பராவில், இரும்புத்தாதுச் சுரங்கங்கள் இருக்கின்றன. பெர்த்திலிருந்து விமானத்தில் போய், இரண்டு வாரம் முகாமில் தங்கி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்து, ஒரு வாரம் வீட்டுக்கு வருவது அவர் வேலை ஏற்பாடு. அங்கே ஆயிரக்கணக்கான ஆட்கள் இப்படித்தான் பறந்து போய்ப் பறந்து வருகிறார்கள். சம்பளம் நல்ல சம்பளம். ஆனால் ஏழு வயது மருமகளிடம் பள்ளியில் உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோது, "மூணு. சில வாரம் நாலு" என்று சொல்லியிருக்கிறாள். அக்கா இதைச் சிரித்துக்கொண்டுதான் போனில் சொன்னாள். அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போட்ட திட்டம் இதுதான். அத்தான் சுரங்க வேலையை விட்டுவிடுவது. அக்கா ஏஜென்சி வழியாகச் சில மாத ஒப்பந்தங்களில் தூரத்து ஊர்களின் மருத்துவமனைகளுக்குப் போவது. புரூம், கராத்தா, குனுனுரா போன்ற ஊர்களில் தாதிகளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. போகிற இடத்துக்கெல்லாம் வீட்டை இழுத்துக்கொண்டு போவது. பிள்ளைகளுக்குத் தொலைக்கல்வி. ஆஸ்திரேலியாவில் பணி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரத் தம்பதிகள் கேரவனோடு நாட்டைச் சுற்றுவது சாதாரணம். இப்போது பிள்ளைகுட்டியோடு போகிற இளங்குடும்பங்களும் நிறைய. நான் கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு இரவெல்லாம் அவர்களின் யூடியூப் காணொளிகளைப் பார்த்தேன். அக்காவைவிட எனக்குத்தான் ஆசை அதிகம் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"வீடு இல்லாம நாம பட்டது போதாதா? இவ இருக்கற வீட்ட வித்துட்டு காடி பின்னால கட்டிக்கிட்டு அலையப் போறாளாமா?"

"விக்கலம்மா. வாடகைக்கு விடப் போறா."

"இன்னிக்கு வாடகைம்பா. நாளைக்கு வித்துட்டேம்பா. நீயும் அப்பாவும் போய்ப் பாருங்க."

அம்மாவுக்குக் கால் வீக்கம், விமானத்தில் வர முடியாது. அதனால் 2025 அக்டோபரில் நானும் அப்பாவும் மூன்று வாரத்துக்குப் போனோம். அம்மா எங்களை அனுப்பியது தடுப்பதற்கு. அப்பா வந்தது கேரவனைப் பார்ப்பதற்கு.

*

யார்டிலிருந்து திரும்பிய இரவு, அப்பா மருமகனின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி, சமையல் மேசையில் உட்கார்ந்தார்.

அத்தானிடம் ஏற்கெனவே ஒரு யூட் இருந்தது. நம்மூர் ஹைலக்ஸ் மாதிரி நாலு கதவும் பின்னால் தொட்டியும் உள்ள வண்டி. விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நாங்கள் பார்த்த கேரவனின் உச்ச எடை 3,300.

"இரநூறு கிலோ மிச்சம் மாமா" என்றார் அத்தான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா, "இழுக்கறத விடுங்க மாப்ள. மத்த கணக்கெல்லாம் சொல்லுங்க" என்றார். நான் யூட்டின் கையேட்டைப் புரட்டி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கேரவனின் வெறும் எடையை அங்கே டேர் என்கிறார்கள். முழுப் பாரத்தோடு அது இருக்கக்கூடிய உச்ச எடை ஏ.டி.எம்.

அப்பா நிமிர்ந்தார். "பேங்க்ல காசு எடுக்கறதா?"

"இல்லப்பா, இது வேற."

"அப்ப பி.டி.எம்.முன்னே எழுது."

எழுதினேன். இழுக்கிற வண்டிக்குத் தனியாக ஓர் உச்ச எடை உண்டு, ஜி.வி.எம். கடைசியாக, வண்டியும் கேரவனும் சேர்ந்து தாண்டக்கூடாத எடை ஒன்று, ஜி.சி.எம். விளம்பரங்களில் இந்தக் கடைசி எண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அத்தானின் யூட்டுக்கு ஜி.வி.எம். 3,200. இழுவை 3,500. கூட்டினால் 6,700. ஆனால் ஜி.சி.எம். 6,000தான். வண்டி நிறைய ஏற்றிக்கொள்ளலாம், அல்லது 3,500 கிலோ இழுக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியாது.

"தவுக்கே கணக்கு" என்று அப்பா சிரித்தார்.

பிறகு ஏற்ற ஆரம்பித்தார். முழு டாங்க் டீசலோடு யூட்டின் எடை 2,250. அத்தான் 90, அக்கா 65, பெரியவன் 32, சின்னவள் 22. கங்காரு மோதினால் தாங்குவதற்கு முன்னால் இரும்புத் தடுப்பு 60. பின்னால் கொக்கிச் சட்டம் 30. தொட்டிக்கு மேல் மூடி 120. அத்தானின் ஸ்பேனர் பெட்டியும் மற்ற சாமான்களும் 80. மொத்தம் 2,749.

கேரவனின் மூக்கு யூட்டின் கொக்கியில் உட்காரும். கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பது அங்கே பொதுக் கணக்கு. அதற்கும் குறைந்தால் பின்பாரம் கூடி, கேரவன் ரோட்டில் வாலாட்ட ஆரம்பிக்கும். வால் ஆட ஆட வண்டியையும் சேர்த்து இழுத்துப்போட்டுவிடும். 3,300 கிலோ கேரவனுக்குக் கொக்கி எடை 330. அது யூட்டின் முதுகில் ஏறுகிற எடை. அதையும் சேர்த்தால் யூட் 3,079, அதன் உச்சத்துக்குள்தான். கேரவனும் அதன் உச்சத்துக்குள்தான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பாஸ். சேர்த்துப் பார்த்தால் 2,749ம் 3,300ம், 6,049.

"நாப்பத்தொம்போது கிலோ" என்றாள் அக்கா. "அதுக்காப்பா? நான் வேணும்னா மெலியறேன்."

அப்பா சிரிக்கவில்லை. நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கேரவனுக்குள் என்ன ஏற்றலாம் என்ற கணக்கு. வெறும் எடை 2,780, உச்சம் 3,300. மிச்சம் 520. இதைப் பார்த்து நான்கூட நிம்மதியானேன். அப்பா கழிக்கத் தொடங்கினார். தண்ணீர் டாங்க் இரண்டு, ஒவ்வொன்றும் 95 லிட்டர். 190 போச்சு. ஒன்பது கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு, நிறைத்தால் 40. மீதி 290. அதை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு எழுபத்திரண்டு கிலோ. உடுப்பு, தட்டுமுட்டு, அரிசி, பாடப்புத்தகம், மருந்து, சைக்கிள், மெத்தை விரிப்பு, எல்லாம் அதற்குள்.

அத்தனை பெரிய வீட்டில் ஓர் ஆளுக்கு எழுபத்திரண்டு கிலோ. விமானத்தில் முப்பது கிலோ கொண்டுபோகிறோம். மேசை, கட்டில், மெஷின் என்று வீடே தன் எடையை எல்லாம் தின்றுவிட்டது.

*

அடுத்த யார்டில் அப்பாவுக்குப் பிடித்த கேரவன் நின்றது. பதினெட்டரை அடி. வெறும் எடை 2,050, உச்சம் 2,600. சின்ன வீடுதான், ஆனால் 550 கிலோ ஏற்றலாம். பெரியதைவிட முப்பது கிலோ அதிகம். யூட்டோடு கூட்டினாலும் ஜி.சி.எம்.முக்கு 651 கிலோ கீழே நிற்கும். அப்பா முகத்தில் மாப்பிள்ளை அமைந்துவிட்ட சந்தோஷம்.

அக்கா படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிட்டாள். கழிவறை இல்லை. கேரவன் பார்க்குகளில் பொதுக் கழிவறை உண்டு, சுத்தமாகத்தான் இருக்கும் என்று அத்தான் மெதுவாகச் சொன்னார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கிட்டுப் போறது எனக்கு முடிஞ்சு போச்சுப்பா" என்று அக்கா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "திரும்ப ஆரம்பிக்க மாட்டேன்."

எனக்கு அது பாதிதான் ஞாபகம். நாங்கள் இருந்த தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால், கால்வாயைத் தாண்டி, வரிசையாகக் கக்கூஸ் இருந்தது. எனக்கு விவரம் தெரிந்த வயதில் நான் ஆண்பிள்ளை, கால்வாய் ஓரமே போதும். அக்கா அம்மாவை எழுப்ப வேண்டும். அம்மா நாலு மணிக்குப் பெரட்டுக்குப் போகிறவர் என்பதால் எழுப்ப மாட்டாள். அடக்கிக்கொண்டு படுத்திருப்பாளாம். இதை முதல் தடவையாக அந்த யார்டில்தான் கேட்கிறேன். அப்பாவும் முதல் தடவையாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அவர் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பதினெட்டரை அடியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அத்தான் வேறு வழி யோசித்தார். கேரவனைக் குறைப்பதற்குப் பதிலாக வண்டியைக் கூட்டலாம். லேண்ட்குரூசர் 300. ஜி.சி.எம். 6,750. அந்த எண்ணைக் கேட்டதும் எல்லார் முகமும் மலர்ந்தது. அப்பா மட்டும் ஜி.வி.எம். கேட்டார். 3,280. வண்டியே கிட்டத்தட்ட 2,550. நாலு பேர், இரும்புத் தடுப்பு, கொக்கிச் சட்டம், சாமான், கொக்கி எடை 330, எல்லாம் ஏற்றிப் பார்த்தால் இருபது கிலோ சொச்சம்தான் மிச்சம். இழுக்கிற பலம் இருக்கிறது, சுமக்கிற இடம் இல்லை. அதற்கும் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய வெள்ளி அளவுக்கு வேண்டும். புதுக் கேரவன் விலையையும் சேர்த்தால், பெர்த் வீட்டை விற்காமல் முடியாது.

அன்றிரவு அம்மா வீடியோ அழைப்பில் வந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும், "விக்கற பேச்சு வந்துருச்சா?" என்று கேட்டார்.

அக்கா பதில் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்தாள். கழிவறையை விட முடியாது என்று அக்கா. வீட்டை விற்கக்கூடாது என்று அம்மா. நாற்பத்தொன்பது கிலோவை மன்னிக்க முடியாது என்று அப்பா. மூன்று பேருமே ஒரே லயத்து வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். அங்கிருந்து ஆளுக்கொரு பயத்தை எடுத்து வந்திருக்கிறார்கள்.

*

இரண்டாவது வார முடிவில் ஒரு பழைய கேரவன் கிடைத்தது. 2016இல் செய்தது. பத்தொன்பதரை அடி. ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, பேரப்பிள்ளைகளுக்காக இரட்டைப் படுக்கை போட்டு வாங்கியது. பின்பக்கம் குறுகலாக ஒரு கழிவறை. உள்ளே திரும்புவதென்றால் வெளியே வந்துதான் திரும்ப வேண்டும். ஆனால் கதவு இருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது. துணி மெஷின் கிடையாது. தகட்டில் வெறும் எடை 2,350, உச்சம் 2,850 என்று இருந்தது. யூட்டோடு சேர்த்து 5,599.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காசு கொடுப்பதற்கு முன்னால் தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

"தகட்டுல எழுதியிருக்கேப்பா" என்றேன்.

"எழுதினப்பறம் என்னென்ன மாட்டுனாங்களோ. நீ கேளு."

அந்தத் தம்பதி ஒத்துக்கொண்டார்கள். பொது எடைமேடைக்குக் கொண்டுபோனோம். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நிறுக்கலாம். வெறும் கேரவன் 2,430. எண்பது கிலோ கூடுதல். வாங்கிய பிறகு கூரையில் சோலார் தகடு, இரண்டாவது பேட்டரி, பக்கத்தில் பந்தல்துணி எல்லாம் மாட்டியதை அந்த அம்மாள் அப்போதுதான் யோசித்துப் பார்த்துச் சொன்னார். எங்களுக்கு 500 என்று நினைத்த இடம் 420 ஆனது.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் திண்டு இருந்தது. சீட்டு வருவதற்காக அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். 2025 மே மாதம் தெலுக் இந்தானில் கல் லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் பிறகு கொஞ்ச நாள் நம்மூர்ச் செய்தியெல்லாம் லோரிகளின் அதிக பாரத்தைப் பற்றித்தான். அப்போது அப்பா டிவியை அணைத்துவிட்டு வெளியே போனது எனக்கு ஞாபகம் வந்தது. ஏன் என்று கேட்டேன்.

"எங்க லோரி கதவுல பதினாறாயிரம்னு எழுதியிருக்கும்" என்றார். "மில்லுல நிறுத்தா இருவத்தொண்ணு, இருவத்திரெண்டு டன் காட்டும். மில்லுல சீட்டு அடிச்சுத்தான் குடுப்பாங்க. அதுல பாத்துத்தான் தவுக்கேக்குக் காசு, எனக்குக் காசு. எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாத விஷயம் இல்ல."

டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. ஏற்ற ஏற்றக் காசு.

"தொண்ணூத்தொண்ணுல ஒரு நாள். மழ விட்ட நேரம். எறக்கத்துல பிரேக் சூடாயிருச்சு. மிதிக்க மிதிக்கப் போய்க்கிட்டே இருக்கு. கியர எறக்க முடியல. செம்பனைக்குள்ள விட்டேன். பக்கத்துல கெலிண்டான் பையன். நம்ம லயத்துலயே மூணாவது வீடு. பத்தொம்போது வயசு. காலு போச்சு, முட்டிக்குக் கீழ."

எனக்கு அந்த அண்ணனைத் தெரியும். கட்டைக்கால் வைத்துக்கொண்டு ஆயக்கொட்டாய்க்குப் பக்கத்தில் ஐஸ்கட்டி மிட்டாய் விற்றவர். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். அப்பா ஏன் எங்களுக்கு அவரிடம் மட்டும் மிட்டாய் வாங்கித் தருவார் என்றும் யோசித்ததில்லை.

"லோரிய மூணு வாரத்துல சரி பண்ணிட்டாங்க. நான் திரும்ப ஏறிட்டேன். இருவத்தொரு டன்தான் ஏத்துனேன். வேற என்ன செய்ய?"

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு தொடர்ந்தார்.

"தோட்டத்த வித்தப்ப, தொண்ணூத்தாறுல, தவுக்கே ஒரு ஞாயித்துக்கிழமைக்கு லோரி குடுத்தான். எட்டுக் குடும்பத்து சாமான். கட்டிலு, பீரோ, சாமிப்படம், கோழிக்கூடு, ஆட்டுக்கல்லு, எல்லாம் ஒரே நடையில ஏத்தியாச்சு. ரோட்டுல ஏறுனா லோரி துள்ளுது. பாரமே தெரியல. அன்னிக்கு ஒரு நாள்தான் அந்த லோரி சட்டப்படி ஓடுச்சு."

எடைமேடை ஆள் சீட்டோடு வெளியே வந்தார். அப்பா எழுந்து நின்று, அதை வாங்கி, வரிவரியாக விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் பார்க்கும் விதத்தைக் கவனித்த அந்த ஆள், உங்க அப்பாவுக்கு இது பழக்கமா என்று என்னிடம் கேட்டார்.

"லோரி டிரைவர்" என்றேன். "முப்பத்தொரு வருஷம்."

அவர் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாவும் தலையசைத்தார்.

*

கேரவனை வாங்கினார்கள். மிச்சமிருந்த நாட்களில் குளியலறைத் தராசு கூடத்துக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்த ஒவ்வொன்றும் அதில் ஏறி இறங்கியது. பட்டணத்துப் பக்கம் போகும்போது ஒரு தண்ணீர் டாங்க் மட்டும் நிரப்புவது என்று முடிவானது. 95 கிலோ தண்ணீர், 40 கிலோ கேஸ் போக மீதி 285. ஆளுக்கு எழுபத்தொன்று. துணி மெஷினும் பெரிய கட்டிலும் இல்லாத இந்தப் பழைய கேரவனில், புதியதில் கிடைத்ததற்கு ஒரு கிலோதான் குறைவு. தண்ணீரைச் சிக்கனமாகப் பிடித்தால் போதும்.

அக்காவின் தாதிமைப் புத்தகங்கள் பதினோரு கிலோ, தோழி வீட்டுக்குப் போயின. பெரியவனின் லெகோவில் பாதி. அத்தானின் ஸ்பேனர்களில் அத்தானே எடுத்துப் போட்டது ஆறு கிலோ. வெட் கிரைண்டர் பதினாலு கிலோ. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். இன்வெர்ட்டரில் ஓடும் என்று அத்தான் மின்கணக்கு சொன்னார். அப்பா நோட்டில் பதினாலு என்று எழுதி, எதிரே "தோசை" என்று போட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அத்தானுக்கு அப்பா பாடம் நடத்தியது ஒரு காலி கார்நிறுத்தத்தில். கனமானதெல்லாம் அச்சுக்குப் பக்கத்தில், தரையோடு. பின்கோடியில் சைக்கிள்கூட வேண்டாம். அந்த நாட்டில் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கேரவனுக்கு எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்க வேண்டும். கொக்கி கழன்றுபோனால் தானாகப் பிடிக்கிற ஏற்பாடும் வேண்டும். டாஷ்போர்டில் ஒரு சிறிய பெட்டி. அதைக் கையால் அழுத்தினால் கேரவனின் பிரேக் மட்டும் பிடிக்கும். வால் ஆட ஆரம்பித்தால் வண்டியின் பிரேக்கை மிதிக்கக்கூடாது. இதைத்தான் அழுத்த வேண்டும். வடக்கே ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளமான ரோடு டிரெயின் லோரிகள் கடந்துபோகும்போது அடிக்கிற காற்றில் இது தேவைப்படும்.

"பின்னால இருக்கறத மட்டும் பிடிக்குதா?" அப்பா மூன்று தடவை கேட்டார். அத்தானை ஓட்டச் சொல்லி, தானே கையை நீட்டி அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். பின்னால் கேரவன் மெல்ல இழுத்துப் பிடித்தது. அவர் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"எறக்கத்துல மட்டும் மேலயே கியரக் கொறச்சுருங்க மாப்ள" என்றார். "பாதி எறங்குனப்பறம் கொறைக்கலாம்னு நெனைக்காதீங்க."

"சரி மாமா."

அவர்கள் கிளம்பியது இந்த ஆண்டு மார்ச்சில். பெர்த் வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருக்கிறது. வாடகை வந்ததா என்று அம்மா மாதத்தின் முதல் நாளே கேட்டுவிடுகிறார். கேரவனைப் பற்றி அவர் இன்னும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேத்தி பேரன்களும் அத்தானோடு ஒரே மேசையில் தோசை சாப்பிடுகிற படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

ஏப்ரலில் அக்கா வடக்கிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். கடலோ சூரியனோ இல்லை. எடைமேடைச் சீட்டு. யூட்டும் கேரவனும் சேர்த்து 5,580.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மருமகனிடமிருந்து கொண்டுவந்துவிட்ட அந்த நோட்டில் கழித்துப் பார்த்தார்.

"நானூத்தி இருவது மிச்சம்" என்றார் அம்மாவிடம்.

அம்மா சமையலறையிலிருந்து, "சாப்ட்டாங்களான்னு கேளுங்க" என்றார்.